ஜம்யாதினின் 'நாம்' நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'நாம்' எப்படிப்பட்ட நாவல்? இரண்டு மூன்று வரியில் சொல்ல முடியுமா?

ரஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி ஜம்யாதின் 1920, 1921ஆம் ஆண்டுகளில் எழுதிய நாவல். இன்னும் பல நூற்றாண்டு கழித்து நடக்கும் கதை. உலகத்துக்கே ஒரே ஆட்சி, அதன் பெயர் 'ஒற்றை அரசு'. தலைவரை 'உபகாரி' என்பார்கள். குடிமக்களுக்குப் பெயர் கிடையாது, ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான். விண்கலம் கட்டும் பொறியாளனான டி-503 எழுதிவைத்த 40 குறிப்புகள்தான் மொத்த நாவலும். அளவில் சின்னப் புத்தகம். மனிதனின் தனித்தன்மையை ஓர் அரசு அடியோடு துடைத்தெடுக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்த இருபதாம் நூற்றாண்டு நாவல்களில் இதுதான் முன்னோடி என்று பலரும் சொல்வார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

அந்த நகரத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

வீடும் நடைபாதையும் கண்ணாடியால் ஆனவை. பக்கத்து அறைக்காரர் என்ன செய்கிறார் என்பது எந்நேரமும் கண்ணுக்குத் தெரியும். நேர அட்டவணைப்படி லட்சக்கணக்கானவர்கள் ஒரே நொடியில் எழுகிறார்கள், ஒரே நொடியில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் 50 தடவை மெல்ல வேண்டும், அது சட்டம். சாப்பாடு பெட்ரோலியத்திலிருந்து தயாராகிறது. உடுப்பு நீலம் கலந்த சாம்பல் நிறச் சீருடை, மார்பில் எண் பொறித்த தங்க வில்லை. உலாவப் போனாலும் நான்கு நான்கு பேராக வரிசையில்தான் போக வேண்டும். இசை ஆலை அரசுப் பாட்டை வாசித்துக்கொண்டே இருக்கும்.

சொந்த நேரம் என்று ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் உண்டு, மாலை 4 முதல் 5 வரையும் இரவு 9 முதல் 10 வரையும். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் என்றாவது ஒருநாள் அட்டவணையில் இடம் கண்டுபிடித்துவிடுவோம் என்று டி-503 நம்பிக்கையோடு எழுதுகிறான். ஜன்னல் திரையை இறக்கிவிட அனுமதி ஒரே ஒரு காரியத்துக்குத்தான். யாரும் யாரோடும் படுக்க உரிமை கோரலாம். பதிவுசெய்துகொண்டு இளஞ்சிவப்புச் சீட்டு வாங்கிவந்தால் அந்த ஒரு மணி நேரம் திரை இறங்கும். பிள்ளை பெற வேண்டுமானால் உயரம்கூட அரசு வகுத்த அளவில் இருந்தாக வேண்டும்.

நகரத்தைச் சுற்றிப் பச்சைச் சுவர் நிற்கிறது. அதற்கு அப்பால் காடு. நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடந்த 200 ஆண்டுப் போரில் உலக மக்கள்தொகையில் 0.2 பங்குதான் மிஞ்சியது என்று ஒரு வரி போகிறபோக்கில் வரும். அந்த வரியை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். எழுதுகிற டி-503 அதை ஒரு சுத்திகரிப்பாக நினைத்துச் சந்தோஷமாகச் சொல்கிறான்.

இன்னோர் இடமும் அதே மாதிரி. 'இன்டெக்ரல்' என்ற அந்த விண்கலத்தின் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். வாய்ப்பகுதியின் கீழே நின்றிருந்த பத்துப் பேர் நொடியில் பொசுங்கிப்போகிறார்கள். வேலை ஒரு கணமும் நிற்கவில்லை. பத்து என்பது மக்கள்தொகையில் பத்துக் கோடியில் ஒரு பங்குகூட இல்லை, கணக்குப் பார்த்தால் பூஜ்யம் மாதிரிதான் என்று பெருமையோடு குறித்துவைக்கிறான். கொடுமை செய்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதைக் காட்டும் நாவல்கள் நிறைய உண்டு. கணக்குப் போட்டு நிம்மதியாகத் தாண்டிப்போகிறவனைக் காட்டிய இந்த அரைப் பக்கம் எனக்கு அவற்றைவிடப் பயங்கரமாகப் படுகிறது.

கதை என்ன? முடிவைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

டி-503க்கு ஓ-90 என்ற மென்மையான பெண் துணை. அவளை அரசுக் கவிஞன் ஆர்-13உடன் பங்குபோட்டுக்கொள்வதில் அவனுக்கு வருத்தம் ஏதும் இல்லை. ஒருநாள் உலாவும் வரிசையில் ஐ-330 என்ற பெண்ணைச் சந்திக்கிறான். நகர எல்லையில் பழைய காலத்து வீடு ஒன்றைக் காட்சிக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்கு மட்டும் ஒளி ஊடுருவாத சுவர்கள். அவள் அவனை அங்கே கூட்டிப்போகிறாள். தடைசெய்யப்பட்ட மதுவும் புகையிலையும் அவளிடம் இருக்கின்றன. உடனே காவலர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியது அவன் கடமை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிப்போடுகிறான். அப்புறம் தெரிகிறது, அவள் 'மெஃபி' என்ற ரகசிய எதிர்ப்பாளர் கூட்டத்தைச் சேர்ந்தவள், அவர்களுக்கு இன்டெக்ரல் வேண்டும். இதே சமயத்தில் அரசு ஓர் அறுவை சிகிச்சையை அறிவிக்கிறது. மூளையில் கற்பனை ஊறும் இடத்தை எக்ஸ் கதிர்களால் சுட்டுவிட்டால் மனிதன் பூரண ஆனந்தம் அடைவானாம்.

அரசை இவ்வளவு புகழும் ஒருவனையா ஜம்யாதின் கதைசொல்லியாக்கினார்? படிக்க எரிச்சலாக இருக்காதா?

முதல் பத்துக் குறிப்புகளில் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. டி-503 கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளியும் இல்லை. மனதார நம்புகிறவன். சுதந்திரம் மனிதனைத் தவிக்கவிட்டது, அரசு அந்தத் தவிப்பிலிருந்து மீட்டது என்று அவன் எழுதும்போது அதில் பொய் இல்லை. அடக்குமுறையை வெளியே நின்று திட்டும் ஒருவன் இதைச் சொல்லியிருந்தால் நாமும் சேர்ந்து திட்டிவிட்டுப் போய்விடுவோம். நம்புகிறவனின் தலைக்குள்ளேயே நம்மை உட்காரவைத்துவிடுகிறார் ஜம்யாதின். அந்த ஒழுங்கில் ஒரு அழகு இருப்பது நமக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. அதுதான் சங்கடம்.

அவனுக்குள் 'நான்' முளைப்பது நோயாகத்தான் ஆரம்பிக்கிறது. தூக்கம் கெடுகிறது, கனவு வருகிறது (அங்கே கனவு ஒரு மனநோய்), எழுத்து தடுமாறுகிறது. மருத்துவரிடம் போகிறான். நிலைமை மோசம், உனக்கு ஆன்மா உருவாகியிருக்கிறது போலிருக்கிறது என்கிறார் அவர். ஆபத்தா என்று கேட்கிறான். குணப்படுத்த முடியாது என்று பதில் வருகிறது. பிறகு அவர் விளக்குகிறார்: இதோ இந்தக் கண்ணாடி, இதன் மேல் விழுவதெல்லாம் பட்டுத் திரும்பிவிடுகிறது, இதையே சூடேற்றி இளக்கிவிட்டால் எதுவும் வழுக்கிப் போகாது, எல்லாம் உள்ளே இறங்கித் தங்கிவிடும். ஆன்மாவுக்கு இவ்வளவு துல்லியமான விளக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

22ஆம் குறிப்பில் இதையே அவன் தன் வழியில் சொல்கிறான். தூசி விழுந்த கண், சீழ் வைத்த விரல், சொத்தைப் பல் இவைதான் தங்களை உணர்கின்றன. நன்றாக இருக்கும் கண்ணும் விரலும் பல்லும் இருப்பதே தெரிவதில்லை. ஆகவே தன்னை உணர்வது என்பதே ஒரு வியாதி என்று முடிக்கிறான். வாதம் எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது பாருங்கள். எங்கே பிழை என்று கண்டுபிடிக்க வாசகர் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்படி நின்று யோசிக்கும் அந்த நேரத்துக்காகவே இந்த நாவலைப் படிக்கலாம்.

கணிதம் தெரியாதவர்கள் படிக்கலாமா?

தாராளமாக. பள்ளிக் கணக்கு போதும். மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் அடிக்கடி வரும். சிறுவனாக அதை முதன்முதலில் கேட்டபோது டி-503 மேசையைக் குத்தி, அது எனக்கு வேண்டாம், என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள் என்று அழுதிருக்கிறான். கணக்குக்குள்ளேயே அவன் அறிவுக்கு அடங்காத ஒன்று இருப்பதை அவனால் தாங்க முடியவில்லை. இவ்வளவு புரிந்தால் சரி.

ஐ-330 பேசும் கடைசி எண் விவாதமும் கணக்கை வைத்துத்தான். நம்முடைய புரட்சிதான் கடைசிப் புரட்சி, இனி எதுவும் தேவையில்லை என்கிறான் அவன். அப்படியானால் கடைசி எண் எது, சொல் என்கிறாள் அவள். எண்களுக்கு முடிவே இல்லையே என்கிறான். புரட்சிக்கும் அப்படித்தான் என்கிறாள். ஒரு புரட்சி வென்று மூன்றே ஆண்டு ஆகியிருந்த நாட்டில் இதை எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஜம்யாதின் யார்?

1884இல் லெபெத்யான் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா பாதிரியார், அம்மா பியானோ வாசிப்பவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பாலிடெக்னிக்கில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தார். மாணவராக இருந்தபோதே போல்ஷெவிக் கட்சியில் சேர்ந்து, 1905 புரட்சியில் கைதாகி, தனிமைச் சிறையில் கிடந்தார். 1914இல் ராணுவ முகாம் ஒன்றைப் பற்றி எழுதிய குறுநாவலுக்காக ஜார் அரசு பத்திரிகையைப் பறிமுதல் செய்தது. 1916இல் பனிக்கட்டி உடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்வையிட இங்கிலாந்தின் நியூகாசில் போனார். அங்கே கட்டிய 'ஸ்வியாதகோர்' பிற்பாடு 'க்ராசின்' என்று பெயர் மாறி, 1928இல் வடதுருவப் பகுதியில் விழுந்த இத்தாலிய ஆகாயக் கப்பலில் தப்பியவர்களை மீட்டது. இன்று அது பீட்டர்ஸ்பர்க்கில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

1917 செப்டம்பரில் ஊர் திரும்பினார். கோர்க்கி நடத்திய உலக இலக்கியப் பதிப்பகத்தில் எச்.ஜி. வெல்ஸின் மொழிபெயர்ப்புகளைச் செப்பனிட்டார், இளம் எழுத்தாளர்களுக்குப் பாடம் எடுத்தார். 1922இல் புதிய அரசும் அவரைக் கைது செய்தது. ஜார் காலத்தில் அடைத்த அதே சிறை, அதே நடைகூடம்.

1920இல் ஸ்டாலின் ஆட்சியே வரவில்லையே. எதைப் பார்த்து இதை எழுதினார்?

நல்ல கேள்வி. ஸ்டாலினை முன்கூட்டியே பார்த்துவிட்டார் என்று சொல்வது எளிது, ஆனால் அவர் பார்த்தது கண்ணெதிரே இருந்ததைத்தான்.

முதலாவது டெய்லர். அமெரிக்கரான ஃப்ரெடரிக் டெய்லர் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, வீண் அசைவுகளை வெட்டி எறியச் சொன்னவர். அந்த முறையைச் சோவியத் ஆட்சி கற்றுக்கொள்ள வேண்டும் என்று லெனின் 1918இல் எழுதினார். நாவலில் டெய்லர்தான் பழங்கால மேதைகளிலேயே பெரியவர். அவர் தொழிற்சாலையோடு நின்றுவிட்டாரே, 24 மணி நேரத்துக்கும் விரிக்கவில்லையே என்பதுதான் டி-503இன் குறை.

இரண்டாவது அன்றைய பாட்டாளிக் கவிஞர்கள். 'நாம்' என்ற தலைப்பிலேயே கிரில்லோவும் கெராசிமோவும் கவிதை எழுதியிருந்தார்கள். அலெக்சி காஸ்தெவ் இன்னும் ஒரு படி மேலே போனார். கவிஞரும் தொழிற்சங்கக்காரருமான அவர் 1919இல் ஒரு கட்டுரை எழுதினார். இயந்திர யுகத்தில் தனித்தனித் தொழிலாளியை ஏ, பி, சி என்றோ 325, 075 என்றோ குறிக்கலாம் என்றும், தனி மனித முகமே இல்லாத கூட்டுவாழ்வு வரும் என்றும் அதில் சொன்னார். கிண்டலாக அல்ல, முழு நம்பிக்கையோடு. மறு ஆண்டு மாஸ்கோவில் மத்திய உழைப்பு நிறுவனத்தைத் தொடங்கி, சுத்தியல் அடிக்கும் கையின் அசைவைப் படம்பிடித்து ஆராய்ந்தார். அந்தக் காஸ்தெவை 1938இல் கைது செய்து 1939இல் சுட்டுக்கொன்றார்கள். ஜம்யாதின் யாரைப் பார்த்து எச்சரித்தாரோ அவரே பலியானார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

மூன்றாவது, ரஷ்ய இலக்கியத்திலேயே ஓடிக்கொண்டிருந்த பழைய சண்டை. எல்லாரும் சந்தோஷமாக வாழும் கண்ணாடி மாளிகையைச் செர்னிஷெவ்ஸ்கி 1863இல் கனவாக எழுதினார். அடுத்த ஆண்டே தஸ்தயேவ்ஸ்கியின் நிலவறை மனிதன், இரண்டும் இரண்டும் நான்கு என்ற சுவரில் நான் முட்டிக்கொள்ளத்தான் செய்வேன் என்று கத்தினான். ஜம்யாதினின் அரசுக் கவிதையில் இரண்டும் இரண்டும் ஒன்றையொன்று காதலித்து நான்காகக் கூடி என்றென்றும் பிரியாமல் வாழ்கின்றன.

சோவியத் நாட்டில் இந்த நாவல் எப்போது வெளியானது?

1988இல், 'ஸ்னாமியா' இதழில். எழுதி 67 ஆண்டு கழித்து.

அதுவரை நடந்தது ஒரு தனிக் கதை. எழுதி முடித்த உடனே நண்பர்கள் கூட்டத்தில் வாசித்தார், கையெழுத்துப் படி சுற்றியது, தணிக்கை அனுமதிக்கவில்லை. முதலில் அச்சானது ஆங்கிலத்தில், 1924இல் நியூயார்க்கில். மொழிபெயர்த்தவர் க்ரெகரி சில்பூர்க், ரஷ்யாவிலிருந்து போய் மனநல மருத்துவரானவர். பிறகு செக், பிரெஞ்சு. 1927இல் பிராகாவில் வந்துகொண்டிருந்த புலம்பெயர்ந்தோர் இதழ் ஒன்று ரஷ்ய மொழியிலேயே சில பகுதிகளை வெளியிட்டது. ஆசிரியருக்கு ஆபத்து வரக் கூடாதென்று, செக் மொழியிலிருந்து திரும்ப ரஷ்யனுக்கு மாற்றியதுபோலக் காட்டினார்கள். அந்தச் சாமர்த்தியம் காப்பாற்றவில்லை. 1929இல் அவர்மீதும் சக எழுத்தாளர் போரிஸ் பில்னியாக் மீதும் பத்திரிகைகள் பாய்ந்தன. ஜம்யாதின் எழுத்தாளர் சங்கத்திலிருந்து தானே விலகினார். நாடகம் மேடையேறவில்லை, புத்தகங்கள் நூலகங்களிலிருந்து போயின. முழு ரஷ்ய மூலம் 1952இல் நியூயார்க்கில்தான் அச்சானது.

ஸ்டாலினுக்கு அவர் கடிதம் எழுதினார் என்பது உண்மையா?

உண்மை. 1931 ஜூனில். மன்னிப்புக் கேட்கும் கடிதம் இல்லை அது. எழுத முடியாமல் போவது எழுத்தாளனுக்கு மரண தண்டனை, அந்தத் தண்டனையை மாற்றி என்னை வெளிநாடு போக விடுங்கள் என்று நேராகக் கேட்டார். அந்த நேரத்துக்கு லாபமானதைச் சொல்லாமல் தனக்கு உண்மை என்று படுவதைச் சொல்வது தனக்குள்ள அசௌகரியமான பழக்கம் என்றும் எழுதினார். சின்ன மனிதர்களிடம் கைகட்டி நிற்காமல் பெரிய கருத்துகளுக்கு இலக்கியத்தில் தொண்டு செய்ய முடிகிற நாளில் திரும்பி வருவேன் என்றார். கோர்க்கி பரிந்து பேசினார். இத்தனைக்கும் கோர்க்கிக்கு இந்த நாவல் பிடித்ததே இல்லை. பிடிக்காத புத்தகத்தை எழுதியவருக்காகப் போய் நின்றதை அவருடைய கணக்கில் நன்மையாகத்தான் எழுத வேண்டும்.

அந்த ஆண்டு இறுதியில் மனைவியோடு புறப்பட்டுப் பாரிஸ் சேர்ந்தார். சோவியத் கடவுச்சீட்டைக் கடைசிவரை விடவில்லை. ழான் ரெனுவார் 1936இல் கோர்க்கியின் நாடகத்தைப் படமாக்கியபோது திரைக்கதையில் பங்கெடுத்தார். 1937 மார்ச் 10 அன்று மாரடைப்பில் இறந்தார். ஊரிலேயே இருந்த பில்னியாக்கை 1938இல் சுட்டார்கள்.

ஆர்வெல் இதைப் பார்த்துத்தான் '1984' எழுதினாரா?

இந்தக் கேள்வியில் 'காப்பி' என்ற சொல் வந்துவிடும், அது வேண்டாம் என்பேன். 1944இலேயே ஆர்வெல் ஒரு கடிதத்தில், இந்த நாவலைப் பற்றிக் கேள்விப்பட்டேன், இப்படிப்பட்ட புத்தகம் ஒன்றுக்கு நானும் குறிப்பெடுத்துவருகிறேன் என்று எழுதியிருக்கிறார். பிறகு பிரெஞ்சு மொழிபெயர்ப்பைத் தேடிப்பிடித்துப் படித்து, 1946 ஜனவரியில் 'ட்ரிப்யூன்' இதழில் மதிப்புரை எழுதினார். '1984' வந்தது 1949இல். நாட்குறிப்பு, தடைசெய்த காதல், ஒளிந்துகொள்ள ஒரு பழைய வீடு, கடைசியில் மனத்தையே மாற்றிவிடும் அரசு என்று ஒற்றுமைகள் பளிச்சென்று தெரியும். 'பிரேவ் நியூ வேர்ல்ட்' எழுதிய ஆல்டஸ் ஹக்ஸ்லியும் இதிலிருந்து எடுத்திருப்பார் என்று ஆர்வெல் நினைத்தார், ஹக்ஸ்லி மறுத்தார்.

சரி, வித்தியாசம்? ஆர்வெல்லின் வின்ஸ்டன் முதல் பக்கத்திலேயே கட்சியை வெறுக்கிறான். டி-503 தன் அரசைக் காதலிக்கிறான். ஆர்வெல்லிடம் நகரம் அழுக்கு, சாப்பாடு மட்டம். இங்கே எல்லாம் பளபளக்கிறது. எனக்கு ஜம்யாதின்தான் ஆழம். அவர் காட்டும் அரசு பொய் சொல்லத் தேவையே இல்லை, சந்தோஷம் தருவதாகச் சொல்லிச் சந்தோஷத்தையே தருகிறது.

இது கம்யூனிச எதிர்ப்பு நாவல்தானே?

பனிப்போர்க் காலத்தில் அப்படித்தான் விற்றார்கள். படித்துப் பார்த்தால் அது போதாது. டெய்லர் அமெரிக்கர். இங்கிலாந்தில் இருந்த அனுபவத்தில் ஜம்யாதின் 'தீவுவாசிகள்' என்ற குறுநாவல் எழுதினார். கட்டாய ஆன்ம மீட்புக்கு நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டு வாழும் ஆங்கிலப் பாதிரியார் ஒருவர் அதில் வருகிறார். ஒற்றை அரசின் விதை அங்கேயே விழுந்துவிட்டது. குறிப்பிட்ட ஒரு நாட்டை விட, தொழில்மய நாகரிகம் போக விரும்பும் இடத்தையே ஜம்யாதின் குறிவைத்தார் என்று ஆர்வெல்லும் எழுதினார். அதற்காக மாஸ்கோவை விட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியாது. ஆண்டுதோறும் கை தூக்கி ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்கும் நாவலின் 'ஒருமித்த நாள்' எதைச் சொல்கிறது என்று தணிக்கைக்காரர்களுக்கு நன்றாகவே புரிந்தது. கதை நடக்கும் ஆண்டில் ஆயிரக்கணக்கானவர்கள் எதிர்த்துக் கை தூக்கிவிடுகிறார்கள். மறுநாள் அரசு நாளிதழ், அந்த ஓட்டுகளைக் கணக்கில் எடுப்பது கச்சேரி அரங்கில் நோயாளிகள் இருமியதைச் சிம்ஃபனியின் பகுதி என்று எடுத்துக்கொள்வதைப் போல அபத்தம் என்று எழுதுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு டால்ஸ்டாயும் கோர்க்கியும் தெரிந்த அளவுக்கு இவர் ஏன் தெரியவில்லை?

நம்மில் பலருக்கு ரஷ்ய இலக்கியம் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் மலிவு விலைக்குக் கிடைத்த புத்தகங்கள் வழியாக வந்தது. கோர்க்கியின் 'தாய்' ரகுநாதன் தமிழில் வந்தது. அந்தப் புத்தகங்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் சொந்த நாட்டிலேயே 1988 வரை தடையில் இருந்த நாவல் அந்த வழியில் வர வாய்ப்பில்லை.

முடிவில் என்ன நடக்கிறது? (படிக்காதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.)

டி-503ஐப் பிடித்துப்போய் அறுவை சிகிச்சை செய்துவிடுகிறார்கள். 40ஆம் குறிப்பில் கையெழுத்து அவனுடையது, குரல் வேறு. உபகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இது ஏன் முன்பு கஷ்டமாக இருந்தது என்று தெரியவில்லை என்கிறான். காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஐ-330ஐ மூன்று தடவை வதைப்பதை உபகாரியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். அவள் பெயரைக்கூட அவன் எழுதவில்லை, 'அந்தப் பெண்' என்றுதான் எழுதுகிறான். அவள் வாய் திறக்கவில்லை.

இதைத் தோல்வி என்று பலர் படிக்கிறார்கள். நான் ஓ-90ஐ மறக்க மாட்டேன். அரசு வகுத்த அளவுக்குப் பத்து சென்டிமீட்டர் குள்ளம் என்பதால் தாயாகத் தடை. தெரிந்தே கர்ப்பமாகிறாள், மரண தண்டனை என்றும் தெரியும். அவளைப் பச்சைச் சுவருக்கு அப்பால் பத்திரமாக அனுப்பிவைப்பது அவளுடைய போட்டியாளரான ஐ-330தான். நகரத்தின் மேற்குப் பகுதியில் சண்டை இன்னும் ஓயவில்லை என்றும் அதே கடைசிக் குறிப்பில் இருக்கிறது. வெற்றி நமதே, ஏனென்றால் அறிவு வென்றாக வேண்டும் என்று டி-503 எழுதும் கடைசி வரி, வெற்றி இன்னும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் படிப்பதானால் எந்த மொழிபெயர்ப்பு?

மிர்ரா கின்ஸ்பர்க் செய்தது (1972) சரளமாக ஓடும், முதல் வாசிப்புக்கு ஏற்றது. க்ளாரன்ஸ் பிரவுன் (1993) பெங்குவினில் கிடைக்கிறது, பேச்சு நடை தூக்கல். நடாஷா ராண்டல் (2006) ஜம்யாதினின் வெட்டு வெட்டான வாக்கியங்களையும் கோடுகளையும் முடிந்தவரை அப்படியே வைக்கிறார். 1924இன் சில்பூர்க் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், நடை கொஞ்சம் பழசு. எதை எடுத்தாலும் டி-503 வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிடும் இடங்களில் அவசரப்படாதீர்கள். அவன் நம்பிக்கை ஆட்டம் காண ஆரம்பிப்பது முதலில் அவன் வாக்கியங்களில்தான் தெரியும்.